குட்டைக்கால் தேரை

அன்புள்ள குட்டிம்மா,

மேனாம்பேட்டில் மழை விட்டதும் காலி மனையில் பின்னங்கால் ஒன்று குட்டையான தேரையைப் பார்த்தேன், அது பிழைக்குமா மாமா என்று கேட்டிருந்தாய். தேரை என்பதால் பிழைக்க வாய்ப்பு உண்டு. தவளையாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

தவளை தாவும்போது இரண்டு பின்னங்கால்களும் ஒரே சமயத்தில் தரையை உதைக்கின்றன. அதன் கணுக்கால் எலும்புகள் இரண்டும் நீண்டிருப்பதால் காலுக்குக் கூடுதலாக ஒரு மடிப்பு கிடைக்கிறது. மடிப்புகள் எல்லாம் சேர்ந்து விரியும்போதுதான் அந்தப் பாய்ச்சல். ஒரு கால் குட்டையானால், ஒரே பக்கம் துடுப்புப் போட்ட படகுபோல உடல் திரும்பிவிடும். மடையானோ தண்ணீர்ப் பாம்போ நெருங்கும்போது திசை தப்பினால் கதை முடிந்தது. தேரையோ சின்னச் சின்னதாகத் தத்திப் போகிற பிராணி, நடக்கவும் செய்யும். கண்ணுக்குப் பின்னால் நச்சுச் சுரப்பி வேறு இருக்கிறது. அதற்கு என்ன அவசரம்?

முன்னங்கால்களையும் கவனி. தாவி இறங்கும் அதிர்ச்சியைத் தாங்குபவை அவைதாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண், பெண்ணின் முதுகில் ஏறி இறுகப் பற்றுவதும் அவற்றால்தான். ஒரு கை தளர்ந்தால் போட்டிக்கு வரும் இன்னொரு ஆண் தள்ளிவிட்டுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. தேரையின் தலைப்பிரட்டைக்குச் செவுள் நீர் வெளியேறும் துளை இடப்பக்கம் மட்டுமே உண்டு. இத்தனை சமச்சீர் தேவைப்படும் உடம்பு அப்படித்தான் தொடங்குகிறது.

கால் ஏன் குட்டையானது? தலைப்பிரட்டையாக இருந்தபோது தட்டான் பூச்சியின் இளம்புழு கடித்திருக்கலாம். 1995இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பள்ளிப் பிள்ளைகள் கால் கோணிய தவளைகளைக் கூட்டமாகக் கண்டார்கள். அந்நாட்டின் மேற்குப் பகுதிக் குளங்களில் கூடுதல் கால் முளைத்த தவளைகளுக்கு ஓர் ஒட்டுண்ணிப் புழு காரணம் என்று 1999இல் தெரியவந்தது. நம் நாட்டுக் கதை இன்னும் விசித்திரமானது. புவனேசுவரம் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்பதா மொஹந்தி ஹெஜ்மாடி குழுவினர், பலூன் தவளையின் தலைப்பிரட்டைகளுக்கு வாலை வெட்டி வைட்டமின் ஏ கொடுத்தார்கள். வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன! 1992இல் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது. அவர் ஒடிசி நடனக் கலைஞரும்கூட; கால்களை ஆராய வேறு யார் வேண்டும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ரசாயனம்தான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிடாதே. ஒரு தேரையை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதே மனையில் எத்தனை தேரைகளைப் பார்த்தாய், அவற்றில் எத்தனைக்குக் கோளாறு என்று எழுதி வை. கால் பாதியில் நின்றிருந்தால் கடிபட்டதாக இருக்கலாம். கூடுதல் கால் இருந்தால் வளர்ச்சியிலேயே ஏதோ குழப்பம். கையால் பிடிக்காதே, தப்பித்தவறித் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவு. போட்டோவை நேர் மேலிருந்து எடு. பக்கவாட்டில் எடுத்தால் சரியான காலும் குட்டையாகத் தெரியும்.

அன்புடன்,
மாமா