டிரைவர் இல்லாத கார் திருப்பூர் ரோட்டில் ஓடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்களில் பலர் முதலில் தேடிப் பார்ப்பது வீடியோக்களைத்தான். அப்படிப் பார்க்கையில், டிரைவர் சீட்டில் ஆளே இல்லாமல், ஸ்டியரிங் தானாகத் திரும்ப, ஒரு கார் நகரத்திற்குள் ஓடிக் கொண்டிருக்கும் வீடியோ உங்கள் கண்ணில் பட்டிருக்கும். "இது கிராபிக்ஸ் வேலைதானே?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கிராபிக்ஸ் இல்லை. அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில் வேமோ என்னும் நிறுவனம் 2020 அக்டோபரில், முன் சீட்டில் யாரும் இல்லாத வாடகைக் கார்களைப் பொதுமக்கள் பயன்பாட்டிற்குத் திறந்துவிட்டது. கூகுள் 2009ல் தொடங்கிய ஆராய்ச்சிதான் பின்னர் வேமோவாக மாறியது.

தொழில்நுட்பம் இருக்கிறது. ஆனால் அந்தக் கார் நம்முடைய எக்ஸ்.எல்., குட்டியானை, மினி பஸ் இவற்றோடு கலந்து ஓடினால் நாம் அதனை ஏற்றுக் கொள்வோமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முன்னர், கார் ரோட்டை எப்படிப் பார்க்கிறது என்பதனைத் தெரிந்து கொள்வோம்.

காரின் கண்ணும் மூளையும்

உங்கள் கம்ப்யூட்டரில் கீ போர்டும் மவுஸும் தகவலை உள்ளே தருகின்றன. பிராசசர் அதனை அலசிப் பார்க்கிறது. மானிட்டரில் விடை வருகிறது. டிரைவர் இல்லாத காரிலும் இதே கதைதான். கீ போர்டுக்குப் பதிலாக கேமராக்கள், ரேடார், லைடார் ஆகியவை இருக்கும். லைடார் என்பது லேசர் ஒளியை நாலா பக்கமும் அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து எதிரே உள்ள பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும் கருவி. மானிட்டருக்குப் பதிலாக ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலரேட்டர்.

நடுவில் இருக்கும் சாப்ட்வேர் மூன்று வேலைகளைத் தொடர்ந்து செய்திடும். எதிரே இருப்பது என்ன? அடுத்த சில விநாடிகளில் அது எங்கே போகும்? அதற்கு ஏற்ப நான் என்ன செய்திட வேண்டும்? இதில் இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்விக்கான விடையை சாப்ட்வேர் எப்படிக் கற்றுக் கொள்கிறது? படங்களைக் காட்டித்தான். சில இணைய தளங்களில் நுழையும்போது, "டிராபிக் லைட் உள்ள கட்டங்களைக் கிளிக் செய்திடவும்" என்று ஒன்பது கட்டங்களுடன் ஒரு படம் வருமே, பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் மனிதர்தானா என்று சோதிப்பதற்கான ஏற்பாடு அது. மக்கள் அப்படிக் குறித்துத் தரும் விடைகள், படங்களை அடையாளம் காணும் சாப்ட்வேர்களைப் பயிற்றுவிக்கவும் உதவுகின்றன. அந்தப் படங்களில் ஜீப்ரா கிராசிங் வரும், பள்ளிக்கூட பஸ் வரும், நம் ஊரில் பார்த்தே இராத தீயணைப்புக் குழாய் வரும். துணி ரோல்களை அடுக்கிக் கட்டிய டாடா ஏஸ் வந்து நான் பார்த்ததில்லை.

இதுவே உண்மையான பிரச்னை. இத்துறையில் அதிகம் பயன்படுத்தப்பட்ட படத் தொகுப்புகளில் ஒன்று "சிட்டிஸ்கேப்ஸ்". ஜெர்மனியிலும் அதை ஒட்டியும் உள்ள 50 நகரங்களின் சாலைகளில் எடுக்கப்பட்டது. கோடு போட்ட ரோடு, கோட்டுக்குள் வண்டி, பிளாட்பாரத்தில் மனிதர். நம் நாட்டுக்கு இது போதாது என்று ஹைதராபாத்தில் உள்ள ஐ.ஐ.ஐ.டி. நிறுவனம், இன்டெல் நிறுவனத்துடன் சேர்ந்து 2018ல் "இந்தியா டிரைவிங் டேட்டாசெட்" என்ற தொகுப்பினை வெளியிட்டது. ஹைதராபாத், பெங்களூரு பகுதிகளின் ரோடுகளில் எடுத்த 10,000 படங்கள். அவற்றில் உள்ளவை 34 வகைகளாகப் பிரித்துக் குறிக்கப்பட்டிருந்தன. ஆட்டோவுக்குத் தனி வகை, மிருகங்களுக்குத் தனி வகை. இன்னொரு வகையும் வைத்தனர்: ரோடும் இல்லை, பிளாட்பாரமும் இல்லை, ஆனால் வண்டி ஓட்ட முடியும். அதாவது, தார் முடிந்த பிறகு இருக்கும் மண் ஓரம்! மங்கலம் ரோட்டிலோ ஊத்துக்குளி ரோட்டிலோ மாலையில் கம்பெனி விடும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். இந்த வகையை ஏன் வைத்தார்கள் என்பது உடனே விளங்கும்.

லைட் அடித்தால் என்ன அர்த்தம்?

என் சித்தப்பா இருபது வருடங்களுக்கு மேலாக திருப்பூரில் லோடு வண்டி ஓட்டுகிறார். நிட்டிங் கம்பெனியில் துணி ஏற்றி சாயப் பட்டறைக்கு. அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங். பிறகு கட்டிங் நடக்கும் பனியன் கம்பெனிக்கு. ஒரே துணி நான்கைந்து இடம் போய் வந்தால்தான் பனியன் ஆகும் என்பதால் இவர் போன்றவர்களுக்கு இங்கு வேலை இருக்கிறது. இந்த வீடியோக்களை அவரிடம் காட்டிய போது அவர் கேட்ட கேள்வி இதுதான். "ஏன் கண்ணு, நான் லைட் அடிச்சா அந்தக் காரு நிக்குமா, வருமா?"

சாதாரணக் கேள்வி போலத் தெரியும். இங்கிலாந்தில் எதிரே வருபவர் லைட் அடித்தால், "நீங்கள் போங்கள்" என்று பலர் எடுத்துக் கொள்கிறார்கள். நம் ஊரில் அதற்கு அர்த்தம், "நான் வந்துட்டேன், நில்லு". ஹாரனும் அப்படித்தான். நம் ஹாரனில் வணக்கம் உண்டு, எச்சரிக்கை உண்டு, திட்டும் உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையை லேசாக ஆட்டினால் வண்டி திரும்பப் போகிறது. இவை எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத, ஆனால் ஊரே அறிந்த பாஷை. வேமோ கார்கள் சைரன் சத்தத்தையும் போலீஸ்காரரின் கை அசைவையும் கவனிக்கும்படி பயிற்றுவிக்கப்பட்டவை. எக்ஸ்.எல். ஓட்டுபவர், இரண்டு கட் பீஸ் மூட்டைகளுக்கு நடுவில் இருந்து, தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்துக் காட்டும் சிக்னலைக் கற்றுத் தர இன்னும் நிறைய உழைக்க வேண்டும்.

"அடுத்து எங்கே போகும்" என்ற இரண்டாவது கேள்வி தவறினால் என்ன ஆகும்? 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், உபேர் நிறுவனத்தின் சோதனைக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக் கொண்டு ரோட்டைக் கடந்த பெண் மீது மோதியது. அவர் இறந்தார். அந்நாட்டு விசாரணை அமைப்பு 2019ல் தந்த அறிக்கை, என்னைப் போன்ற புரோகிராமர்களுக்கு ஒரு பாடம். மோதுவதற்கு 5.6 விநாடிகள் முன்பே சென்சார்கள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் சாப்ட்வேர் அவரை ஒரு முறை வாகனம் என்றும், ஒரு முறை வேறு ஏதோ பொருள் என்றும், பின்னர் சைக்கிள் என்றும் மாற்றி மாற்றிக் கணித்தது. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் நகர்ந்து வந்த பாதையை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. கிராசிங் இல்லாத இடத்தில் மனிதர் ரோட்டைக் கடப்பார் என்பது அந்த புரோகிராமில் எழுதப்படவே இல்லை. உள்ளே கண்காணிப்புக்கு இருந்தவரும் ரோட்டைப் பார்க்கவில்லை.

கிராசிங் இல்லாத இடத்தில் கடப்பது! புஷ்பா தியேட்டர் அருகே பஸ் இறங்குகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை.

பயம் ஏறி இறங்கும் கணக்கு

அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் அந்நாட்டு டிரைவர்களிடம் தொடர்ந்து கருத்துக் கேட்டு வருகிறது. தானாக ஓடும் காரில் ஏறப் பயம் என்றவர்கள் 2017 இறுதியில் 63 சதவீதம். டெம்பி விபத்துக்குப் பிறகு 2018ல் 73 சதவீதம். 2025ல் 61 சதவீதம். நம்புகிறேன் என்றவர்கள் 13 சதவீதம் மட்டுமே. இத்தனை வருடம் ஓடிய பிறகும் இந்த நிலை. சான் பிரான்சிஸ்கோ நகரில் 2023ல், இத்தகைய கார்கள் நடு ரோட்டில் நின்றுவிட்டு தீயணைப்பு வண்டிக்கே வழி விடவில்லை என்ற புகார்கள் வந்தன. எதிர்ப்பாளர்கள் பிளாஸ்டிக் கோனைத் தூக்கி காரின் பானெட் மீது வைத்தார்கள்; கார் குழம்பி அப்படியே நின்றது. 2024 பிப்ரவரியில் ஒரு கும்பல் காலிக் கார் ஒன்றுக்குத் தீயே வைத்துவிட்டது.

இந்த "நின்றுவிடுவது" பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்குத் தானியங்கி மெஷின் புதிதல்ல. நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் மெஷின் தானே நிற்கும், விளக்கு எரியும், ஆள் வந்து முடிச்சுப் போடுவார். இந்த யோசனைக்கும் காருக்கும் உறவும் உண்டு. நூல் அறுந்தால் தானே நிற்கும் தறியைச் செய்தவர் ஜப்பானின் சகிச்சி டொயோடா. அவரது 1924ம் வருடத் தறியின் உரிமையை 1929ல் இங்கிலாந்து கம்பெனி ஒன்று வாங்கியது. அவர் மகன் தொடங்கியதுதான் டொயோட்டா கார் தொழில். தறியில் சந்தேகம் வந்தால் நிற்பது பாதுகாப்பு. அவிநாசி ரோட்டில் சந்தேகம் வந்து நின்றால், பின்னால் வருகிற பஸ் நிற்க வேண்டுமே! மேலும், "இந்தக் கார் எப்படியும் நிற்கும்" என்று தெரிந்துவிட்டால் ஒருவரும் அதற்கு வழி விட மாட்டார்கள். காலை எட்டரை மணிக்கு அது பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் நான் மாலை போடுகிறேன்.

அதற்காக மனித டிரைவர்கள் தப்பே செய்யாதவர்கள் என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. தூக்கக் கலக்கம், குடி, போன் இவை எதுவும் கம்ப்யூட்டருக்குக் கிடையாது. இந்த வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் டிரைவர் தவறினால், "பாவம், இரவெல்லாம் ஓட்டியிருப்பார்" என்கிறோம். மெஷின் தவறினால் அப்படிச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. மெஷினை விற்றவர் லாபம் பார்க்கிறார் அல்லவா?

நம் நாட்டில் பேச்சு வேலையைப் பற்றியே அதிகம். டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம், அது டிரைவர்களின் வேலையைப் பறிக்கும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017 ஜூலையில் சொன்னார். 2023 டிசம்பரிலும் அதையே சொன்னார். ரயிலில் நிலைமை வேறு. டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பர் 28 அன்று டிரைவர் இல்லா ரயில் தொடங்கப்பட்டது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. அந்தத் தண்டவாளத்தை யாரும் குறுக்கே கடப்பதில்லை. என் கணிப்பு: காரும் இங்கே இப்படி மூடிய இடங்களில்தான் முதலில் வரும். ஹைதராபாத் ஐ.ஐ.டி. வளாகத்திற்குள் 2025ல் டிரைவர் இல்லாத பஸ்கள் ஓடின. நம் பக்கத்து அப்பேரல் பார்க் ஒன்றின் காம்பவுண்டுக்குள் துணி ரோல் ஏற்றும் தானியங்கி வண்டியை நீங்கள் பார்க்கலாம். சித்தப்பாவின் பல்லடம் ரோட்டுக்கு அது வர வெகு நாளாகும்.

கார் வாங்கப் போகிறீர்களா?

2021ல் மகிந்திரா எக்ஸ்.யு.வி.700 போன்ற கார்கள் வந்த பின்னர், "ஆடாஸ்" என்ற சொல் ஷோரூம்களில் சாதாரணமாகிவிட்டது. முன்னே போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் குறைக்கும், கோட்டுக்குள் காரை வைத்திருக்கும், அவசரத்தில் பிரேக் போடும். தானாக ஓடும் திறனை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். இது 2ம் நிலை. அதாவது உதவியாளர் மட்டுமே, டிரைவர் நீங்கள்தான். கோடு அழிந்த இடத்தில் கோட்டைப் பின்பற்றும் வசதி வேலை செய்யாது.

சட்டமும் அப்படியே. 1988ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 3வது பிரிவு, ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 2பி பிரிவு, ஆராய்ச்சிக்காகச் சில வண்டிகளுக்கு மத்திய அரசு விலக்கு தரலாம் என்கிறது. உங்கள் வீட்டுக் காருக்கு அந்த விலக்கு கிடையாது. எனவே டெமோ காட்டுபவர் ஸ்டியரிங்கில் இருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் காட்டினால், கையைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். பிறகு காருடன் வரும் கையேட்டை வாங்கி, இந்த வசதி எந்தெந்த நிலைகளில் வேலை செய்யாது என்ற பக்கத்தைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.