வேகம் ஏறாத நீர் ஸ்கூட்டர்

கேள்வி: நீர் ஸ்கூட்டரில் எஞ்சின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறாதது ஏன்? பழுதை எப்படி அறிவது?
– வாசகர், இரும்புலியூர்

பதில்: முட்டுக்காட்டு உப்பங்கழியின் முகத்துவாரத்தைப் போல மணல்திட்டால் அடைபடும் ஆழமற்ற நீரில், வண்டியின் அடிப்புறத்து உறிஞ்சுவாய் நீரோடு மணலையும் இழுக்க, அது இம்பெல்லர் எனும் சுழலியின் இதழ் விளிம்புகளையும் அவற்றைச் சூழ்ந்த தேய்மான வளையத்தையும் அராவி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கவேண்டிய இடைவெளியை அகலச் செய்கிறது. அதன் வழியே நீர் பின்னோக்கிக் கசிவதால் உந்துவிசை குன்றி, எஞ்சின் மட்டும் வீணே விரைகிறது. ஆயினும் உறிஞ்சுவாயில் சிக்கிய நெகிழியும் வலைக்கயிறும் இதே அறிகுறியைக் காட்டுமாதலால், வளையத்துக்குச் செலவிடுமுன் அவற்றை நீக்கிப் பார்ப்பதே முறை. எஞ்சினை அணைத்து, பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி, வண்டியைக் கரையேற்றிய பின்னரே கையை உள்ளே நுழைக்க வேண்டும். இதில் விதிவிலக்கே இல்லை.

இதழ் நுனிக்கும் வளையத்துக்கும் இடையே ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகிப் பல இடங்களில் அளந்து, தயாரிப்பாளர் கையேட்டின் வரம்போடு ஒப்பிட வேண்டும். சுற்றிலும் சீரான தேய்வு மணலையும், ஓரிதழின் வளைவும் அதனால் எழும் அதிர்வும் கல் மோதலையும், இதழ்ப்பரப்பில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள், தாழ் அழுத்தத்தில் தோன்றும் நீராவிக் குமிழிகள் உடைந்து உலோகத்தை அரிப்பதையும் சுட்டுகின்றன. வளையம் ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருப்பின் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். அங்குள்ள எண்ணெய் பால்நிறமாயிருந்தால் சீல் வழியே நீர் புகுந்துள்ளது.