எரிந்த வீட்டுக்கு எக்ஸெல்லில் ஒரு கணக்கு

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கைக் கொடுத்த பிறகும் அதைத் திருத்தலாம். ஜனாதிபதி பேரிடர் என்று அறிவித்த பகுதியில் வீடு, பொருள் அழிந்தால், அந்த இழப்பை முந்தைய ஆண்டுக் கணக்கில் காட்டி, கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வழி உண்டு. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஆல்டடீனாவில் தீ பரவியது. அங்கு வீட்டை இழந்த நண்பர் ஒருவருக்காக நான் தயாரித்த எக்ஸெல் தாளையே இங்கு பாடமாகத் தருகிறேன். அங்கே பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ-யில் பொருள், பி-யில் வாங்கிய விலை, சி-யில் தீக்கு முன் சந்தை மதிப்பு, டி-யில் தீக்குப் பின் மதிப்பு, இ-யில் இன்சூரன்ஸ் தொகை. இன்சூரன்ஸ் பணம் கைக்கு வராவிட்டாலும் வரும் என்றால் அதையும் எழுத வேண்டும்.

எஃப்2 செல்லில் சமக்குறி போட்டு, சி2-விலிருந்து டி2-வைக் கழியுங்கள். அடுத்து ஜி2-வில் 'மின்' பங்ஷன்: சமக்குறி, மின், அடைப்புக்குறிக்குள் பி2, கமா, எஃப்2. எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்து எண்டர் தட்டுங்கள். இரண்டில் சிறியதை எக்ஸெல் தரும். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. ஹெச்2-வில் ஜி2-விலிருந்து இ2-வைக் கழித்தால் இழப்பு கிடைக்கும்.

ஒரு சோபா 1,800 டாலருக்கு வாங்கியது, தீக்கு முன் மதிப்பு 700, பிறகு பூஜ்யம், இன்சூரன்ஸ் 400 என்றால் இழப்பு 300 டாலர். புதிய சோபா 2,500 டாலர் ஆகிறதே என்றால், அது கணக்கில் வராது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

வீட்டுக்கு இது இன்னும் கசப்பாக இருக்கும். 1990-இல் 2 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு, தீக்கு முன் 11 லட்சம் மதிப்பு. மிஞ்சிய மனை 5 லட்சம். மதிப்புக் குறைவு 6 லட்சம். ஆனால் 'மின்' தருவது 2 லட்சம்தான்! இன்சூரன்ஸ் மூன்றரை லட்சம் வந்தால் ஹெச் செல்லில் மைனஸ் ஒன்றரை லட்சம் தெரியும். வீடே போனவருக்கு வரிக் கணக்கில் அது லாபம். அதற்கு விதிகள் வேறு, ஆடிட்டரிடம் காட்டுங்கள். சாதாரணப் பொருளில் மைனஸ் வந்தாலும் அப்படியே. அதை மறைக்கும் பார்முலா எதுவும் போட வேண்டாம்.

இழப்புகளைக் கூட்டி, இந்தத் தீயைப் போன்ற தகுதியுள்ள பேரிடர் என்றால் மொத்தத்தில் ஒரே முறை 500 டாலர் கழியுங்கள்.

பிறகு படிவம் 4684-ஐ நிரப்பி, அதன் 'டி' பிரிவில் முந்தைய ஆண்டைத் தேர்ந்தெடுத்ததாகக் குறிப்பிட்டு, 1040-எக்ஸ் படிவத்துடன் இணையுங்கள். இந்தத் தீக்கான பேரிடர் அறிவிப்பு எண் டி.ஆர்.-4856. 2025 இழப்பை 2024 கணக்கில் சேர்க்கக் கடைசி நாள் 2026 அக்டோபர் 15.

பில் எரிந்துவிட்டதா? பழைய ஈமெயில் ஆர்டர்கள், கார்டு ஸ்டேட்மென்ட், விருந்தினர் எடுத்த போட்டோக்கள் ஆகியவற்றில் தேடுங்கள். தாளின் ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு வேறு வீட்டில் வையுங்கள். திருத்தம் முடிய 8 முதல் 12 வாரம், சில சமயம் 16 வாரம் ஆகும்.