படத்தைக் காட்டும் இடமும் காக்கும் இடமும்

ஒரு லென்ஸ் வாங்குவதற்கு மாதக்கணக்கில் விசாரிக்கிறவர்கள், எடுத்த படத்தை எங்கே போடுவது என்பதை மட்டும் "எல்லாரும் இன்ஸ்டாவுலதானே போடுறாங்க" என்று ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குள் எத்தனை தப்பு நம்பிக்கைகள் புகுந்துகொள்கின்றன என்று பார்ப்போம்.

நம்பிக்கை: இலவசமாகத் தருகிறார்கள், போட்டு வைத்தால் பத்திரமாக இருக்கும்

இருக்காது. ஒளிப்படத் தளமான ஃபிளிக்கரின் கதை ஒன்றே போதும். 2004இல் கனடாவின் வான்கூவரில் ஒரு சிறு நிறுவனம் அதைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே யாஹூ வாங்கிக்கொண்டது. 2013இல் ஆளுக்கு ஒரு டெராபைட் இடம் சும்மா தருவதாக யாஹூ அறிவித்தது. 2018இல் ஃபிளிக்கர் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அந்த நவம்பரிலேயே, இலவசக் கணக்குக்கு இனி 1,000 படம்தான், மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழையதிலிருந்து அழிப்போம் என்று கெடு வந்தது. ஒரு டெராபைட்டை நம்பி வீட்டில் பிரதி வைக்காதவர்கள் அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள்.

கூகுள் போட்டோஸும் அப்படித்தான். 2015இல் வரம்பில்லாத இடம் என்று வந்தது. 2021 ஜூன் 1 முதல் ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் என்றாகிவிட்டது. ஊர் ஊராக இடம் குறித்துப் படம் போட்டு வந்த பனோராமியோ 2016இலும், கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. போட்டோபக்கெட் 2017இல், மற்ற தளங்களில் படத்தைக் காட்ட ஆண்டுக்கு 399 டாலர் கேட்டபோது, எத்தனையோ தளங்களில் படம் இருந்த இடத்தில் வெறும் அறிவிப்புப் பலகை தொங்கியது.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. சர்வருக்கு யாராவது பணம் கட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் காட்டுகிற இடத்தையே காக்கிற இடமாகவும் நினைத்துவிடுவது நம் தப்பு. ஒளிப்படக்காரர் பீட்டர் க்ரோக் சொல்லிப் பரவிய 3-2-1 கணக்குதான் இன்றும் சரி: மூன்று பிரதிகள், இரண்டு விதமான சேமிப்பில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

நம்பிக்கை: போனில் பளிச்சென்று இருக்கிறது, பிரிண்டுக்கும் இதுவே போதும்

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் ஏறக்குறைய 6000 க்கு 4000 பிக்சல். இன்ஸ்டாகிராம் அதைப் பொதுவாக 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிடுகிறது. கல்யாண ஆல்பத்தில் வழக்கமான 12 க்கு 18 அங்குலப் பக்கத்தை, லேப்பில் கேட்கும் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அடிக்க 3600 க்கு 5400 பிக்சல் வேண்டும். 1080 பிக்சலை அதே கணக்கில் அடித்தால் அகலம் 3.6 அங்குலம், அவ்வளவுதான். அதைப் 12 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்தான் மிஞ்சும். அப்படி அடித்த பக்கத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள். பட்டுப்புடவையின் ஜரிகை ஓரம் படிக்கட்டாகத் தெரியும். இமை முடிகள் ஒட்டி ஒரு கறுப்புக் கோடாகிவிடும். பின்னணியில் இருக்கிற சீரியல் பல்புகளைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அழுக்குத் திட்டு நிற்கும். லேப்காரரைத் திட்டிப் பயனில்லை.

வாட்ஸ்அப்பிலும் இதே கதிதான். எச்டி பொத்தான் வந்த பிறகு கொஞ்சம் தேவலை, ஆனாலும் அது மூலப்படம் இல்லை. மூலத்தை அப்படியே அனுப்ப வேண்டுமானால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

(நெட்டுக்கு 72 டிபிஐ வைக்க வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். திரைக்கு அந்த எண் பொருட்டே இல்லை. மொத்தம் எத்தனை பிக்சல் என்பதுதான் கணக்கு.)

நம்பிக்கை: படம்தானே, வேறு என்ன தெரிந்துவிடப்போகிறது

டாக்குமெண்ட்டாக அனுப்புவதில் ஒரு வில்லங்கம் உண்டு. போனில் லொகேஷன் திறந்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இன்ஸ்டாகிராம் வெளியே காட்டும் படத்தில் அந்த விவரத்தை எடுத்துவிடுகிறது. மூலக்கோப்பை அனுப்பினால் அதுவும் கூடவே போகும். குழந்தையை வீட்டு வாசலில் நிறுத்தி எடுத்த படம் என்றால் வீட்டு முகவரியையே கொடுத்த மாதிரி. பறவை எடுப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கூடு இருக்கிற இடம் வெளியே தெரிந்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டமே முக்காலியோடு வந்து நிற்கும். ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டுகிறது. காட்டுயிர்ப் படங்களுக்கு அதை நான் தயங்காமல் சொல்வேன்.

நம்பிக்கை: நெட்டில் போட்டாச்சு என்றால் பொதுச்சொத்து

இதை நம்பி ஏமாந்தது ஒரு செய்தி நிறுவனம். 2010 ஜனவரியில் ஹைத்தியில் நிலநடுக்கம் வந்தபோது அங்கிருந்த ஒளிப்படக்காரர் டேனியல் மொரெல், தான் எடுத்தவற்றை ட்விட்பிக் வழியாக ட்விட்டரில் போட்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அவற்றை எடுத்து, கெட்டி இமேஜஸ் வழியாகவும் உலகம் முழுக்க விநியோகித்தது. ட்விட்டரில் போட்டதால் பயன்படுத்த உரிமை உண்டு என்று நியூயார்க் நீதிமன்றத்தில் வாதாடிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. 2013 நவம்பரில் ஜூரி மொரெலுக்கு 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது.

நம் சட்டத்திலும் படம் எடுத்த கணத்திலேயே காப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நிற்கும். தளத்துக்கு நீங்கள் கொடுப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான். ஆனால் அந்த அனுமதி பெரும்பாலும் மிக அகலமானது. பணம் கிடையாது, உலகம் முழுக்கச் செல்லும், இன்னொருவருக்கும் கைமாற்றலாம். அந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிட்டு 'சரி' என்று அமுக்குங்கள்.

வாட்டர்மார்க் போட்டால் திருட முடியாது என்பவர்களுக்கு ஒரு வரி: ஒரே மாதிரி முத்திரையைப் பல படங்களில் போட்டால் அதைக் கணினியே சுத்தமாகத் துடைத்துவிடும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017இலேயே செய்து காட்டிவிட்டார்கள். பெயர் பரவ வேண்டுமானால் ஓரமாகச் சின்னதாகப் போடுங்கள். முகத்தின் மேல் குறுக்கே எழுதுவதால் கெடுவது உங்கள் படம்தான்.

நம்பிக்கை: சொந்தத் தளம் இருந்தால் எல்லாம் சரி

வேலை தேடுகிறவருக்கு சொந்தத் தளம் நல்லது. பேரம் பேச வருகிறவருக்கு நாற்பது நல்ல படங்களை ஒரே இடத்தில் காட்டலாம், நடுவில் வேறொருவரின் ரீல்ஸ் வராது. ஆனால் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும், விட்டால் தளம் போய்விடும். தானாக அங்கே யாரும் வரவும் மாட்டார்கள்.

கோயில், கல்வெட்டு, திருவிழா என்று எடுப்பவர்கள் விக்கிமீடியா காமன்ஸைப் பாருங்கள். உங்கள் படம் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைக்குள் போய் உட்காரும். இரண்டு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனை அங்கே செல்லாது. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது.

நம்பிக்கை: நான் எடுத்த கல்யாணப் படம், நான் போடுவேன்

எடுத்தது நீங்கள்தான். ஆனால் 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் வேறு சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அவரிடம் பணம் வாங்கி எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் அவர்தான். பணம் கொடுத்த பெண் வீட்டாரின் அனுமதி இல்லாமல் மணப்பெண்ணின் படத்தை ஸ்டூடியோ பக்கத்தில் போடுகிறவர், தன்னுடையது இல்லாத சொத்தைக் கடை வாசலில் வைக்கிறார். எடுத்தவர் இன்னார் என்று பெயர் கோரும் உரிமை மட்டும், 57ஆவது பிரிவின்படி, உங்களுக்கு எப்போதும் உண்டு.

படத்தை எங்கே போடுவது என்ற கேள்விக்கு முன்னால், போடலாமா என்ற கேள்வியை முடியுங்கள். தை முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸ் வாங்கத் தொடங்கும் முன்பே பில் புக்கில் ஒரு வரி அச்சடித்து, மணமக்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: எந்தப் படங்களை, எந்தத் தளத்தில், எவ்வளவு காலத்துக்கு ஸ்டூடியோ காட்டலாம் என்று.