முதுகுத்தண்டில் ரத்தக்குழாய்ச் சிக்கல்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. திடீரென முதுகுவலி, பிறகு கால் தளர்ந்துவிட்டது. ஸ்கேனில் தண்டுவட ரத்தக்குழாய்க் கோளாறு என்றார்கள். தறிக்குழியில் இறங்கி விளையாடியதால் வந்ததா?
– ஒரு நெசவாளர் தாய், ஆரணி

பதில்: இல்லையம்மா. தறிக்குழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் தவறும் இல்லை. பெரும்பாலும் பிறவியிலேயே இருந்து, பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் கிடக்கும் கோளாறு இது.

தமனியில் ரத்தம் வேகமாகப் பாயும். நடுவிலுள்ள நுண்குழாய்கள்தான் அந்த வேகத்தைத் தணித்துச் சிரைக்கு அனுப்புகின்றன. அவை இல்லாமல் தமனியும் சிரையும் நேரடியாகப் பிணைந்தால், பாவு நூல் சிக்கியதுபோல் ஒரு முடிச்சு உருவாகும். மெல்லிய சிரை புடைத்துத் தண்டுவடத்தை அழுத்தலாம், வெடித்தும் கசியலாம். குழந்தைகளிடம் இப்படி ரத்தக்கசிவாகத் திடீரென வெளிப்படுவது அதிகம்.

எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது. தண்டுவட ஆஞ்சியோகிராம்தான் எந்தக் குழாய் எங்கே சேர்கிறது என்று காட்டும். தொடை இடுக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, பசைபோன்ற மருந்தால் அந்த முடிச்சை அடைக்கலாம். சிலருக்கு அறுவை சிகிச்சை, சிலருக்கு இரண்டும்.

உங்களுக்குச் சுமார் 40 கி.மீ. தொலைவில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய இடம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய், இச்சிகிச்சைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

எண்ணெய் தேய்த்து உருவிவிட வேண்டாம். கால் மேலும் தளர்ந்தாலோ சிறுநீர் பிரியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.