இயந்திரம் வாங்கியாயிற்று, நூல்?

வீட்டு எம்பிராய்டரி இயந்திரம் வாங்கியவர்களின் அடுத்த செலவு, பெரும்பாலும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நூறு நிற நூல் பெட்டிதான். சில மாதங்களில் சிவப்பும் கறுப்பும் தீர்ந்திருக்கும். சாம்பல் நிறத்தில் ஐந்து வகை உறை பிரிக்காமல் கிடக்கும். இடையில் நூல் அறுந்து அறுந்து, பழி இயந்திரத்தின் மேல் விழுந்திருக்கும்.

நூல் வாங்கும்போது நிறத்தைக் கடைசியில் பாருங்கள். தைத்த துணி எப்படித் துவைபடும், எங்கே காயும் என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் நூலின் வகை தெரிந்துவிடும். அடுத்தது நூலின் கனம், அதற்கடுத்தது அடி நூல்.

பாலியெஸ்டரா, ரேயானா?

புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீவக வீட்டுத் துணி படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். சலவை இயந்திரத்தில் சுழல்கிறது. சன்னலுக்கு வெளியே கழியில் நடுப்பகல் வெயிலில் காய்கிறது. மழை வந்துவிட்டால் அரை ஈரத்தோடு உள்ளே வருகிறது. பிள்ளைகளின் சீருடையில் பெயர், விளையாட்டுச் சட்டை, துண்டு, தலையணை உறை போன்றவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம். பாலியெஸ்டர் எம்பிராய்டரி நூல்தான். வெயிலையும் அடிக்கடி துவைப்பதையும் அது தாங்கும். வெள்ளைத் துணிக்குப் போடும் குளோரின் பிளீச் பட்டாலும் எளிதில் வெளுக்காது. ‘டிரைலோபல்’ என்று அட்டையில் இருந்தால் நல்லது. அதன் இழையின் குறுக்குவெட்டு மும்முனையாக இருப்பதால் வெளிச்சம் பட்டுத் திரும்பி நல்ல மினுக்குக் கிடைக்கும்.

ரேயான் மரக்கூழிலிருந்து வருவது. துணியோடு படிந்து உட்காரும், மென்மையான பளபளப்பு தரும். பட்டு ரவிக்கை, பூசையறைத் திரை, சட்டமிட்டு மாட்டும் படம் என்று அதிகம் துவைக்காத வேலைகளில் அதன் அழகே தனி. ஆனால் நனைந்தால் அதன் வலு கணிசமாகக் குறைந்துவிடும். நம் ஊரில் காற்றே பாதித் தண்ணீர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நெசவுத் துறையின் அளவுகோலான 65 விழுக்காடு ஈரப்பதத்தில், பாலியெஸ்டர் தன் எடையில் 0.4 விழுக்காடு ஈரத்தை மட்டுமே பிடித்து வைக்கும். பருத்தி சுமார் 8.5 விழுக்காடு, ரேயான் 11 முதல் 13 விழுக்காடு. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டைத் தாண்டியது. அதனால் புதிதாகத் தொடங்குபவர் பாலியெஸ்டரில் கை பழகிவிட்டு, பிறகு ரேயானுக்கு வருவது நல்லது.

கடையில் ‘சில்க் திரெட்’ என்று எடுத்துத் தருவது பெரும்பாலும் ரேயான் அல்லது பாலியெஸ்டர்தான். பெயரைக் கேட்டு விலை கொடுக்காமல், அட்டையில் எது என்று பாருங்கள். ஒரே நிறுவனம் இரண்டையும் விற்கும்: ஜெர்மனியின் மடெய்ராவில் ‘கிளாசிக்’ ரேயான், ‘பாலிநியான்’ பாலியெஸ்டர். ஐசகார்ட் என்ற பெயரில் வருவது பாலியெஸ்டர்.

40 என்றால் என்ன?

நூற்கண்டின் மேல் இருக்கும் 30, 40, 60 என்ற எண்கள் கனத்தைக் குறிப்பவை. 40 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ எடை இருந்தால் அது 40ஆம் எண் நூல். அதாவது எண் கூடக் கூட நூல் மெலியும். சில அட்டைகளில் இதே நூல் ‘120 டெனியர், 2 இழை’ என்று இருக்கும். குழம்ப வேண்டாம், ஏறத்தாழ இரண்டும் ஒன்றுதான்.

இயந்திரத்தோடு வரும் டிசைன்களும் விலைக்கு வாங்கும் டிசைன்களும் அநேகமாக எல்லாமே 40ஆம் எண்ணை மனத்தில் வைத்துச் செய்தவை. அதே டிசைனில் 30ஆம் எண் நூலைப் போட்டால் வேலைப்பாடு அட்டையாக விறைக்கும். 60ஐப் போட்டால் இடுக்கில் துணி தெரியும். ஆகவே உங்கள் பெட்டியில் பெரும்பகுதி 40ஆகவே இருக்கட்டும். ஊசி 75/11 எம்பிராய்டரி ஊசி.

60ஆம் எண் தேவைப்படும் இடம் சிறிய எழுத்து. தமிழில் பெயர் தைப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ண, ஞ, னை போன்ற எழுத்துகளின் சுழிகள், உயரம் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் 40ஆம் எண் நூலில் அடைத்துக்கொள்ளும். 60ஆம் எண் நூலும் 65/9 ஊசியும் போட்டு, அந்த நூலுக்கென்று செய்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய வாயில் துணிக்கும் இதுதான் நூல். 2024 டிசம்பரில் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் சார்பில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கெபாயாவின் ‘சுலாம்’ பூவேலையை அருகிலிருந்து பாருங்கள். அந்த மெல்லிய துணியில் கனத்த நூல் ஏறினால் சுற்றிலும் சுருங்கிவிடும்.

கண்ணில் படாத நூல்

அடி நூலுக்கான பாபினில் மேல் நூலையே சுற்றிவிடுவது பரவலான பழக்கம். வேண்டாம். பாபினுக்கென்று 60 அல்லது 90ஆம் எண்ணில் மினுக்கில்லாத மெல்லிய நூல் கிடைக்கிறது. உங்கள் இயந்திரம் எதைக் கேட்கிறது என்பது கையேட்டில் இருக்கும். அதன் பாபின் டென்ஷன் அந்தக் கனத்துக்கே வைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளை, கறுப்பு இரண்டு நிறம் போதும். நூல் சுற்றிய பாபினாகவே வாங்கினால் அதன் உயரத்தையும் கையேட்டோடு சரிபாருங்கள்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, சாட்டின் தையலில் ஒரு கோடு தைத்துப் பின்பக்கம் திருப்புங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும் இரு ஓரங்களில் மேல் நூலும் தெரிந்தால் எல்லாம் சரி. பின்பக்கம் முழுக்க மேல் நூலாக இருந்தால் மேல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது. பாபின் நூல் முன்பக்கம் எட்டிப் பார்த்தால் இறுகியிருக்கிறது.

ஜரிகை மோகம்

தீபாவளி நெருங்கினால் எல்லாருக்கும் ரவிக்கைக் கழுத்தில் தங்க ஜரிகை வேண்டும். ஆரி வேலைக்கு வாங்கிய ஜரிகையை இயந்திரத்தில் மாட்டாதீர்கள். ஆரி ஊசி நூலைத் துணிக்குள் ஒருமுறை இழுத்துக்கொள்வதோடு சரி. இயந்திரத்திலோ நூலின் ஒவ்வொரு துண்டும் துணியில் பதியும் முன் ஊசிக்கண் வழியே பலமுறை மேலும் கீழும் உரசிச் செல்கிறது. சுற்றியிருக்கும் மெல்லிய தகடு உரிந்து நூல் அறுந்துவிடும். இயந்திர எம்பிராய்டரிக்கான மெட்டாலிக் நூல் என்று கேட்டு வாங்குங்கள். கண் பெரிதான 90/14 மெட்டாலிக் ஊசி போட்டு, வேகத்தைப் பாதியாக்கி, மேல் டென்ஷனைக் குறையுங்கள். அடர்த்தியாக நிரப்பும் பகுதிக்குப் பாலியெஸ்டரில் பொன்மஞ்சள், ஓரக்கோட்டுக்கு மட்டும் மெட்டாலிக் என்று பிரித்தால் அழகும் கெடாது, பொறுமையும் போகாது. இஸ்திரியைப் பின்பக்கம், மேலே ஒரு துணி விரித்து, மிதமான சூட்டில் போடுங்கள்.

கடையில் நிற்கும்போது

டௌன்டவுன் பாதை 2015 டிசம்பர் 27 அன்று புக்கிட் பாஞ்சாங் வரை வந்ததிலிருந்து நமக்கு நூல் வாங்குவது சுலபம். ரயில் மாறாமலே தேக்காவுக்கு லிட்டில் இந்தியா நிலையம், அரபு ஸ்திரீட் துணிக்கடைகளுக்கு பூகிஸ், பீப்பிள்ஸ் பார்க் பகுதித் தையல் பொருள் கடைகளுக்கு சைனாடவுன். இணையத்தில் வாங்குவதானாலும், முதல் தடவை நேரில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தைக்கப்போகும் துணியை எடுத்துச் செல்லுங்கள். நூற்கண்டைத் துணியின் மேல் வைத்து நிறம் பார்க்காதீர்கள்; சுற்றிய நூல் அடர்த்தியாகத் தெரியும். ஒற்றை இழையைப் பிரித்துத் துணியின் மேல் கிடத்தி, கடையின் அஞ்சடிக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முழம் இழுத்துக் கறுப்புத் துணிக்கு எதிரே பிடித்தால் பிசிறும் முடிச்சும் கனம் மாறுவதும் தெரியும். லேசாகச் சுண்டியதுமே அறுந்தால் வைத்துவிடுங்கள். சிவப்பு, மெரூன், கருநீலம் என்றால் வீட்டுக்கு வந்ததும் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே வெளிர்நிறத் துணியில் தையுங்கள். டிசைன் கேட்கும் நிற எண் ஒரு நிறுவனத்துடையது. அடுத்த நிறுவனத்தில் அதே எண் வேறு நிறம். எண்ணைத் துரத்தாமல் கண்ணை நம்புங்கள்.

எவ்வளவு வாங்குவது?

தோராயமாக ஆயிரம் தையலுக்கு 5 மீட்டர் மேல் நூல் செலவாகும். 20,000 தையல் உள்ள ரவிக்கைக் கழுத்துக்கு 100 மீட்டர். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பொன்மஞ்சள், பச்சை ஆகியவற்றை 1,000 மீட்டர் கண்டாகவும், மற்ற நிறங்களை 200 மீட்டர் சிறு கண்டாகவும், வேலை வரும்போது வாங்குங்கள். 5,000 மீட்டர் கோன் விலை குறைவாகத் தோன்றும். ஆனால் அது வீட்டு இயந்திரத்தில் உட்காராது, தனித் தாங்கி வேண்டும். ஒருவர் வீட்டில் அது தீர்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பாம் ஷெல்ட்டர் இருட்டாக இருப்பது நல்லதுதான், ஆனால் காற்றோட்டம் குறைவு. அங்கேயும் பெட்டி மூடியிருக்க வேண்டும். இயந்திரத்தில் மாட்டிய ரேயானை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

அறுந்தால் யார் குற்றம்?

நூல் அறுந்ததும் டென்ஷன் திருகைத் தொடாதீர்கள். முதலில் அழுத்துபாதத்தை உயர்த்தி மேல் நூலை முழுதாகக் கழற்றி மறுபடி கோத்துப் பாருங்கள். அடுத்து ஊசியை மாற்றுங்கள். சுமார் எட்டு மணி நேரம் தைத்த ஊசி ஓய்வுக்குரியது. பிறகு பாபின் அறையில் சேர்ந்த பஞ்சைத் துலக்குங்கள். பிறகும் அறுந்தால், அதே டிசைனை வேறு நிறக் கண்டில் தைத்துப் பாருங்கள். அது ஓடினால் குற்றம் அந்த ஒரு கண்டில்தான். குப்பையில் போடத் தயங்க வேண்டாம். எல்லா நிறமும் அறுந்தால் மட்டும் டென்ஷனுக்குப் போங்கள். அதற்குப் பிறகும் அறுந்தால்தான் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.