அழிந்த படத்தை மீட்டு எடுப்போம்



சம்பளச் சீட்டு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காலமான அம்மாவின் முகம் எல்லாம் இன்று போனில்தான் இருக்கிறது. சின்னப்பிள்ளை கை பட்டு அழிந்தால் "ஐயோ, போச்சே" என்று இருந்துவிட வேண்டாம்.

1. கூகுள் போட்டோஸில் குப்பைக்கூடை அடையாளத்தைத் திறவுங்கள். படத்தை அழுத்திப் பிடித்து 'ரிஸ்டோர்' என்பதைத் தொடுங்கள். படம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

2. பேக்கப் செய்த படம் கூடையில் 60 நாள் இருக்கும். செய்யாதது 30 நாள்தான். பிந்தினால் கிடைக்காது. கூடையைக் காலி செய்யாதீர்கள்.

3. செட்டிங்கில் 'பேக்கப்'பைப் போட்டு வையுங்கள். 15 ஜிபி வரை இலவசம். போன் தண்ணீரில் விழுந்தாலும், அதே மின்னஞ்சல், கடவுச்சொல்லால் வேறு போனில் எடுக்கலாம். இரண்டையும் கொப்பியில் எழுதிப் பெட்டிக்குள் பத்திரமாக வையுங்கள்.

படம் இருக்கிறதே என்று மூலப் பத்திரத்தைத் தொலைத்துவிடாதீர்கள்!